முழியன் உட்காராத கிளை

தம்பி, இதை வண்டிக்குள் உட்கார்ந்து படிக்காதே. உன்னை எனக்குத் தெரியாதா? நான் கொடுத்த கவரைக் கிழித்து ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, ஒரு சிவப்பு விளக்குக்கு நாலு வரி, அடுத்த சிவப்பு விளக்குக்கு நாலு வரி என்று கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயா போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடுவாய். வேண்டாம். வீட்டுக்குப் போ, சட்டையை மாற்று, யாழினியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு பேருமாகப் படியுங்கள். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, அம்மா எதற்காக மார்க்கர் பேனாவில் எழுதியிருக்கிறாள், ஒரு தாளில் எட்டு வரிகூட ஏன் வரவில்லை என்று முதல் பக்கத்திலேயே கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் நீ, "மா, மீட்டிங் லா, அப்புறம் கூப்பிடுறேன்" என்றாய். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கண் கெட்டுவிட்டது. கண்ணாடி மாற்றினால் சரியாகிற கேடு இல்லை. பிரசவ லீவு முடிந்து ஜனவரியில் யாழினி வேலைக்குத் திரும்பியதும், திங்கள் முதல் வெள்ளி வரை நான் உங்கள் வீட்டில் தங்கி, பாப்பாவைக் காலையில் பிரிக்பீல்ட்ஸ் தஸ்காவில், அந்தக் குழந்தைக் காப்பகத்தில், விட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பக் கூட்டி வருவது என்று பேசி வைத்திருக்கிறோம். தீபாவளியன்று பலகாரம்கூடச் சாப்பிடாமல் வெயிலில் நின்று என் காரின் பின்சீட்டில் பாப்பாவின் இருக்கையை மாட்டினாயே, பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்து, "மா, இது ஆடவே ஆடாது" என்று சொன்னாயே, அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் "சரிப்பா, சரிப்பா" என்று முறுக்குத் தட்டை நீட்டினேன். தம்பி, நான் ஓட்டுகிற வண்டியில் பாப்பா ஏறக் கூடாது. யாருமே ஏறக் கூடாது. இதை எழுதி முடிப்பதற்குள் கை வேர்த்துவிட்டது, இரு, துடைத்துக்கொண்டு வருகிறேன்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். முழியன்தான் காட்டிக் கொடுத்தான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நம் தாமான் வீடுகளுக்குப் பின்னால் பெரிய லோங்காங் கால்வாய் ஓரமாக, வீடு கட்டுகிறவர்கள் வெட்டாமல் விட்டுப்போன பழைய ரப்பர் மரங்கள் ஒரு வரிசை நிற்கிறதே, அங்கே வருஷா வருஷம் அக்டோபரில் வந்து ஏப்ரல் வரை இருந்துவிட்டுப் போகிற சின்னக் குருவி. புத்தகத்தில் பழுப்பு ஈபிடிப்பான் என்று போட்டிருக்கும். உனக்கு ஆறு வயதிருக்கும்போது பைனாகுலரில் முதல் தடவை பார்த்துவிட்டு, "மா, அது ஏன் என்னை முழிக்குது?" என்று கேட்டாய். அன்றிலிருந்து நம் வீட்டில் அவன் முழியன். உடம்பு ஒரு கரண்டி சர்க்கரை எடைகூட வராது. சைபீரியாப் பக்கத்துக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கியதும் கடலையும் மலையையும் தாண்டி இந்தக் கிள்ளான் லோங்காங் ஓரத்துக்கு வந்து உட்காருகிறவன். அதுவும் போன வருஷம் உட்கார்ந்த அதே மரத்தில், அதே காய்ந்த கிளையில்.

அவனைக் கண்டுபிடிக்க நிறம் உதவாது என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மேலே சாம்பல் கலந்த பழுப்பு, கீழே அழுக்கு வெள்ளை, அவ்வளவுதான். பார்த்தால் பார்த்த மாதிரியே இருக்காது. கண்ணைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு வெளிறிய திட்டு, கீழ் அலகின் அடியில் கொஞ்சம் மஞ்சள். இவனுக்கு ஒரு பங்காளி இருக்கிறான், நெஞ்சின் இரண்டு பக்கமும் புகை பிடித்த மாதிரி கறுத்திருப்பான், அவனையும் இவனையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்கள் கிடையாது. அதனால் நான் முதலில் நடத்தையைப் பார்ப்பேன். முழியன் வெட்டவெளியான ஒரு கிளை நுனியில் நிமிர்ந்து உட்காருவான். வாலை லேசாக ஒரு தட்டுத் தட்டுவான். திடீரென்று பாய்ந்து காற்றில் ஒரு பூச்சியைப் பிடித்து, திரும்ப அதே நுனிக்கு வந்து சேருவான். இடமும் பழக்கமும் தெரிந்தால் ஆளைச் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. இத்தனை வருஷம் அந்தக் கட்சி தோற்றதே இல்லை, அதனால் வந்த வினைதான் இது.

இந்த அக்டோபரிலும் அவன் வந்தான். முதல் வாரத்திலேயே நோட்டில் எழுதிவிட்டேன்: முழியன் வந்தாச்சு, அதே மரம், அதே கிளை. தினமும் காலையில் கோப்பியைக் குடித்துவிட்டுப் போய் நிற்பேன். பைனாகுலரில் கொஞ்சம் மங்கல்தான், லென்ஸைத் துடைத்துக்கொள்வேன். ஆனாலும் பழுப்பாக, நிமிர்ந்து, கிளை நுனியில் ஒன்று இருந்தது. வாலைத் தட்டியது. சில சமயம் காணாமல் போய் உடனே வந்தது. ஏழு பத்துக்குப் பாய்ந்தான், ஏழு பதினாலுக்குத் திரும்பினான் என்று நேரம் போட்டு எழுதியிருக்கிறேன், நோட்டைக் காட்டுகிறேன் பார். மூன்று வாரம் இப்படி.

இரண்டு வீடு தள்ளி இருக்கிறாரே ராஜன், போர்ட் கிள்ளானுக்குக் கொண்டேனர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர், அவர் வேலையை விட்டதும் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமரா ஒன்று வாங்கிக்கொண்டு குருவி பிடிக்கத் தொடங்கியிருக்கிறார். பிடிக்கிறது என்றால் படம்தான். ஒருநாள் காலையில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, எங்க லா? ஒண்ணையும் காணோமே."

"அந்தக் காஞ்ச கிளையில, நுனியில. நேரா உக்காந்திருக்கான் பாருங்க. இப்பக்கூட வாலத் தட்டுறான்."

அவர் கேமராவைத் தூக்கி நாலைந்து படம் எடுத்தார். பிறகு பின்னால் இருக்கும் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரித்தார். "அக்கா, இது இலை லா."

"என்ன இலை?"

"ரப்பர் இலை. காஞ்சு சுருண்டு செலந்தி நூல்ல தொங்குது. காத்தடிச்சா ஆடுது. இதையா மூணு வாரமா பாக்கிறீங்க?" என்றார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, சிரிப்பை நிறுத்திவிட்டார். "முழியன் இங்க வரலக்கா. அந்தப் பக்கம் மூங்கில் வேலி மேல உக்காருறான். அதோ, இப்பக்கூட இருக்கான். உங்களுக்குத் தெரியலையா?"

நான் அந்தப் பக்கம் திரும்பினேன். வேலி தெரிந்தது. வேலியின் நடுவில் நான் பார்க்கிற இடத்தில் மட்டும் யாரோ ஈரத் துணியால் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது. கண்ணை நகர்த்தினால் தேய்ப்பும் கூடவே நகர்ந்தது. "கண்ணு செக் பண்ணீங்களாக்கா?" என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். நான், "மொதல்ல உங்க கேமராவ செக் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கதவுச் சட்டத்தைப் பார்த்தேன். நேரான சட்டம் நடுவில் வளைந்திருந்தது. அது ரொம்ப நாளாகவே வளைந்துதான் இருந்தது தம்பி. கதவு பழசாகிவிட்டது, மழைக்கு மரம் ஊறிவிட்டது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள் நான். "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று அவர்களை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். என் முறை வந்தபோது நானும் அதே ஜாதிதான்.

நவம்பர் கடைசியில், உன்னிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கொமுட்டர் ரயிலில் போய் டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். கட்டம் போட்ட தாள் ஒன்றைக் காட்டினாள், கோடுகளெல்லாம் தட்டில் கொட்டிய மீ நூடுல்ஸ் மாதிரி நெளிந்தன. விழித்திரையில் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, வலது கண்ணில் பழையது, இடது கண்ணிலும் சில மாதமாகவே இருக்கிறது, ஊசி போட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனதைத் திருப்பித் தர முடியாது என்றாள். ஓரப் பார்வை இருக்கும், நடு மட்டும் போகும். நேராகப் பார்த்தால் மறையும், பக்கத்தில் பார்த்தால் தெரியும். கடைசியாக, "வண்டி ஓட்டுறீங்களா?" என்று கேட்டாள். "எப்பவாவது" என்றேன். "இனிமே ஓட்டக் கூடாது" என்றாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே காய்கறி வாங்கப் பாசாருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

ஏன் என்று கோபப்படாதே, கொஞ்சம் கேள். உன் அப்பா இருந்தவரை நான் முன்சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவள்தான். அவர் போன பிறகு, ஐம்பத்தொரு வயதில், உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று லைசென்ஸ் எடுத்தேன். பார்க்கிங் சோதனையில் இரண்டு தடவை கம்பத்தை இடித்தேன். மூன்றாவது தடவை பாஸ் பண்ணிவிட்டு நேராக உனக்குப் போன் பண்ணி அழுதேன், நீ பயந்து போய் யாருக்கு என்ன ஆச்சு என்று கத்தினாய். அந்தக் கார் வந்த பிறகுதான் எனக்கு இந்த ஊரே திறந்தது. டெங்கில் ஊர்ப் பக்கத்துக் குளங்களுக்குப் போனேன், கூட்டமில்லாத நாளில் பத்துமலைக்குப் போய்ப் படியேறாமல் கீழே நின்று பாறையில் என்ன குருவி இருக்கிறது என்று பார்த்தேன். யாரையும் கேட்காமல் கிளம்புகிற சுகம் உனக்குப் புரியாது, நீ அதிலேயே வளர்ந்தவன். சாவியைக் கொடுத்துவிட்டால், பிறகு ஒவ்வொன்றுக்கும் "தம்பி, நீ ப்ரீயா?" என்று கேட்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. பாப்பாவை என்னிடம் தனியாக விட யோசிப்பாய். யாழினி ஒன்றும் சொல்ல மாட்டாள், நல்ல பெண், ஆனால் நான் பாலைக் கலக்கும்போது சமையலறை வாசலில் வந்து நிற்பாள். அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பயந்தவளுக்கு மூளை வேலை செய்யாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் உண்மையில் சொல்ல வேண்டியது. இதுவரை எழுதியதெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான்.

போன செவ்வாய்க்கிழமை, உங்கள் வீட்டுக்குச் சாம்பார்ப் பொடி கொண்டு வந்து கொடுத்தேன் அல்லவா, அன்று திரும்பும்போது ஒரு யோசனை. பிரிக்பீல்ட்ஸ் வழியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம். மனப்பாடமான ரோடு, வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வாங்கப் போகிற இடம். ஓரப் பார்வை இருக்கிறது, மெதுவாகப் போவோம், ஒருநாள் சரியாகப் போய்விட்டால் எல்லா நாளும் சரியாகப் போகும். காலை பத்து மணி. நல்ல வெயில். பின்சீட்டில் பாப்பாவின் காலி இருக்கை, நீ கட்டிவிட்ட மஞ்சள் வாத்து அதில் ஆடிக்கொண்டிருந்தது. முன்னால் போகிற வண்டியைப் பிடித்துக்கொண்டே போனேன். விளக்கை நேராகப் பார்த்தால் விளக்கு மறைகிறது, அதனால் விளக்கை நான் பார்ப்பதையே விட்டிருந்தேன். முன்வண்டி போனால் நானும் போவேன். கடைத்தெருவில் ஆள் கடக்கிற கோட்டுக்குப் பக்கத்தில் முன்வண்டி வேகம் எடுத்தது. நானும் எடுத்தேன். முன் கண்ணாடிக்கு நேராக ரோடு காலியாக இருந்தது தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், காலியாக இருந்தது. டக் என்று என் வண்டி மூக்கில் ஏதோ அடித்தது. பிரேக்கை மிதித்தேன்.

வெள்ளைக் கைத்தடி. அந்தத் தடிதான் வண்டியில் பட்டது. தடியைப் பிடித்திருந்த ஆள் ஒரு சாண் தூரத்தில் நின்றார். அந்தத் தெருவில் கண் தெரியாதவர்கள் நிறையப் பேர் நடக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும், அவர்களுக்காகத்தான் நடைபாதையில் மஞ்சள் மேட்டு ஓடு பதித்திருக்கிறது, கடக்கிற இடத்தில் விளக்கு மாறும்போது சத்தம் வருகிறது. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். வண்டியை யாரோ ஆம்பளை ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு, வெறும் காற்றைப் பார்த்துச் சொன்னார்:

"டிக்டிக்னு சத்தம் வந்துச்சு பாஸ். அதக் கேட்டுத்தான் எறங்குனேன். நான் தப்பா எறங்கல."

தப்பு தன் மேல் இல்லை என்று அந்த மனுஷன் எனக்கு விளக்கம் சொன்னார். பாதி திறந்திருந்த ஜன்னல் கண்ணாடியை நான் முழுக்க இறக்கவில்லை. பூக்கடையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப் போனாள், போகிறபோது திரும்பி, "ஆன்டி, பட்டப்பகல்ல இப்படியா ஓட்டுவீங்க?" என்று கத்தினாள். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். மன்னிப்புக் கேட்காமல் போய்விட்டேன். அவருக்கு என் முகம் தெரியாது, அதனால் தப்பித்துவிடலாம் என்று உள்ளே ஒரு சின்னக் குரல் சொன்னது. உன்னை வளர்த்தவளின் குரல்தான் அது, தெரிந்துகொள்.

அடுத்த சந்தில் ஓரமாக நிறுத்திவிட்டு ராஜனுக்குப் போன் பண்ணினேன். கிள்ளானிலிருந்து ரயில் ஏறி வந்தார். வரும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டிக்குள் உட்கார்ந்து அந்த மஞ்சள் வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகப் பார்த்தால் வாத்து இல்லை. ஜன்னலைப் பார்த்தால் வாத்து இருந்தது. பாப்பா அந்த இருக்கையில் இருந்திருந்தால், அந்த ஆள் கைத்தடி இல்லாமல் இருந்திருந்தால், ஒரு சாண் குறைந்திருந்தால் என்று மாற்றி மாற்றி ஓடியது. இப்போதும் ஓடுகிறது. தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அந்த டக் சத்தம் கேட்கிறது. ராஜன் வந்து கதவைத் திறந்தார். என்னைப் பக்கத்துச் சீட்டுக்கு நகரச் சொன்னார், வீடு வரை ஓட்டி வந்தார். வாசலில் நிறுத்திவிட்டு, "சாவிய நான் வச்சுக்கட்டுமாக்கா, இல்ல நீங்களே தம்பிகிட்ட குடுக்கிறீங்களா?" என்றார். நானே கொடுக்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை ரயிலில் போய் அந்தக் கடக்கிற இடத்தில் வெகுநேரம் நின்றேன். பூக்காரப் பெண் கடையில் இல்லை. கண் தெரியாதவர்கள் நடத்துகிற பக்கத்து மசாஜ் கடையில் கேட்டேன். "இங்க நாங்க நெறைய பேர் இருக்கோம்மா, எந்த ஆளத் தேடுறீங்க?" என்று கேட்டார்கள். எனக்கு அடையாளம் சொல்லத் தெரியவில்லை. ஒரு மனுஷனை இடிக்கப் போயிருக்கிறேன், அவர் உயரமா குட்டையா என்றுகூட எனக்குத் தெரியாது.

தம்பி, இதையெல்லாம் நினைக்கும்போது உன்னுடைய வெள்ளைக் குருவி ஞாபகம் வந்து என்னைப் பிடுங்குகிறது. உனக்குப் பத்து வயது. ஒரு காலையில் லோங்காங் பக்கமிருந்து மூச்சு வாங்க ஓடி வந்து, "மா, வெள்ளைக் குருவி! வால் இவ்ளோ நீளம், ரிப்பன் மாதிரி!" என்று கையை விரித்துக் காட்டினாய். நான் கேட்பதற்கு முன்னாலேயே நோட்டில் பென்சிலால் எழுதியும் விட்டாய். அரசவால் ஈபிடிப்பானில் வெள்ளை ஆண், நம் ரப்பர் மரத்தில்! நடக்கிற காரியமா? நான் போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, மரத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பையைக் காட்டி, "இதுதான் உன் குருவி. பார்த்ததை எழுது, ஆசைப்பட்டதை எழுதாதே. பொய் எழுதுறவனுக்கு நோட்டு எதுக்கு?" என்று சிவப்புப் பேனாவால் உன் வரியை அடித்தேன். நீ அழவில்லை. "நான் பார்த்தேன் மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். அப்புறம் என்னோடு குருவி பார்க்க வரவே இல்லை. வளர்கிற பையன், பந்து விளையாடப் போகிறான் என்று அப்பாவிடம் சொன்னேன்.

அடுத்த வாரமே, நம்மோடு பறவை பார்க்க வருகிற ஒரு சீனத்து அங்கிள் பக்கத்துத் தாமானில் எடுத்த படத்தைக் கொண்டு வந்து காட்டினார். வெள்ளை உடம்பு, கறுத்த தலை, நீ கையை விரித்துக் காட்டின அதே நீள வால். நான் அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. அம்மா தோற்றுப்போவாளே என்று விட்டேன், பிறகு ஒரு மாதம் ஆனது, பிறகு ஒரு வருஷம் ஆனது, பிறகு இனிமேல் எதற்கு என்று ஆனது. நீ பார்த்த குருவியைப் பிளாஸ்டிக் பை என்று அடித்தவள்தான் ஒரு காய்ந்த இலையைக் குருவி என்று நேரம் போட்டு மூன்று வாரம் எழுதியிருக்கிறேன். அந்த ரோட்டையும் அப்படித்தான் ஓட்டினேன், தெரிந்ததை நம்பி, தெரியாததைப் பார்க்காமல். நாளைக்குப் பாப்பா ஓடி வந்து எதையாவது பார்த்தேன் என்று சொன்னால், "எங்கே?" என்று மட்டும் கேள். கூடவே போய் நில். குருவி பறந்து போயிருக்கலாம், அதற்காக அவளுடைய கண்ணைச் சந்தேகப்படாதே. அடித்துவிட்ட வரியைத் திரும்ப எழுதலாம், ஆனால் பிள்ளை திரும்ப வர மாட்டான். இதை நான் இருபது வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துவிடு என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நீ அவளை என் கையில் கொடுத்துவிட்டு, "மா, யார மாதிரி இருக்கா?" என்று கேட்டாய். நான் உடனே, "உன்னை அப்படியே உரிச்சு வச்சிருக்கா" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். தம்பி, நான் பார்க்காமல் சொன்னேன். குனிந்து நேராகப் பார்த்தபோது முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேய்ப்புதான் இருந்தது. ஆஸ்பத்திரி விளக்கு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் காதைப் பார்த்தால் கன்னம் கொஞ்சம் தெரிகிறது, தலைமுடியைப் பார்த்தால் மூக்கு நிழல் மாதிரி தெரிகிறது. நாலு மாசமாக என் பேத்தியைத் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறேன். முழு முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கார்ச் சாவி இந்தக் கவருக்குள்தான் இருக்கிறது, இரண்டும், மாற்றுச் சாவியும் சேர்த்து. திருப்பித் தா என்று நான் கெஞ்சினாலும் கொடுக்காதே. கெஞ்சுவேன், என்னை எனக்குத் தெரியும். ஊசிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், அதற்கு நீதான் கூட்டிப் போக வேண்டும். நீயும் யாழினியும் தஸ்காவுக்கு வேறு வழி பாருங்கள். பாப்பாவை நான் மடியில் வைத்துக்கொள்ளலாமா, தனியாக வைத்துக்கொள்ளலாமா என்பதையும் நீங்களே முடிவு பண்ணுங்கள், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஒருநாள் என்னைப் பிரிக்பீல்ட்ஸ் கூட்டிப் போ. அந்த மனுஷனைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஜோடிக் கண் வேண்டும், குரலை நான் அடையாளம் கண்டுகொள்வேன்.

அதற்கு முன்னால் இந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் மூன்று பேரும் வாருங்கள். முழியன் மூங்கில் வேலி மேல் உட்காருகிறானாம். நீ என் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல். பழைய நோட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன், அந்தச் சிவப்புக் கோடு இன்னும் அதில் இருக்கிறது, அதற்குக் கீழே உன் வெள்ளைக் குருவியை உன் கையாலேயே திரும்ப எழுது. அப்புறம் பாப்பாவை என் மடியில் கொடுத்துவிட்டு, குருவிக்கு அடையாளம் சொல்வது போல அவளுக்கும் சொல்லு. நெற்றி எப்படி, புருவம் எப்படி, மூக்கு யாருடையது, சிரித்தால் எந்தப் பக்கம் குழி விழுகிறது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் சொல்லு. இந்தத் தடவை நீ சொல்கிறதை அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

அம்மா